தையல் கத்தரிக்கோலும் வாண்டா வேரும்

எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் நிமிர்ந்து நடக்க முடியாது. தலைக்கு மேலே 43 வாண்டா ஆர்க்கிட் செடிகள் தொங்குகின்றன. அவற்றின் வேர்கள் என் நெற்றிக்கும் மூக்குக்கும் இடையில் எங்கேயாவது வந்து நிற்கின்றன. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் இந்தக் கொட்டகை வழியாகத்தான் என் மனைவியின் தையல் அறைக்குள் நுழைய வேண்டும். சென்ற வாரம் ஒருவருடைய கொண்டையில் வேர் ஒன்று சிக்கிக்கொண்டது. அவர் பதறித் தலையை உதற, வேரின் பச்சை நுனி முறிந்து அவர் தோளில் விழுந்தது. மனைவி ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். நான் எதற்காக முகம் சுருங்கி நின்றேன் என்பதை இருவருமே கவனித்துவிட்டார்கள்.

தீபாவளி நெருங்க நெருங்கத் தையல் வேலை குவியும். அதற்குள் வழியை ஒழுங்குபடுத்தியாக வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. ஆனால், "வெட்டிவிடுங்கள்" என்று அவள் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத சொல். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆர்க்கிட் வேர் இப்படித் தொங்குகிறதே, என்ன செய்வது என்று கடைத்தெருவில் நிறுத்திக் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்லும் பொறுமையும் எனக்குக் குறைந்துவிட்டது.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். பிறந்தது நகருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடு. பிறகு தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் வீடு, பள்ளி ஆய்வுக்கூட உதவியாளராக 31 ஆண்டு வேலை, ஓய்வு, வாண்டா. என் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான்.

கொட்டகையைப் 'பசுமைக் குடில்' என்று சொன்னால் பெரிய பேச்சாகிவிடும். 12 அடிக்கு 18 அடி. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை, அதன் கீழே பாதி வெயிலைத் தடுக்கும் கறுப்பு வலை, நான்கு பக்கமும் திறப்பு. குளிர்நாட்டுக்காரர்கள் ஆர்க்கிட்டுக்குக் கண்ணாடி வீடு கட்டுவது வெப்பம் வெளியே போகாமல் இருப்பதற்காக. நமக்கு வெப்பத்தில் குறைவில்லை. நம் தொல்லை மழை. மாலையில் பிடித்தால் இரவு வரை பெய்து, குருத்துக்குள் தண்ணீர் தேங்கி, நான்கே நாளில் நடுக்குருத்து அழுகிக் கையோடு வந்துவிடும். கூரை அதைத் தடுக்கிறது. ஆனால் கூரை போட்ட பிறகு வேருக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு மேகத்திடமிருந்து நம் தலைக்கு மாறிவிடுகிறது. கொட்டகை கட்டியவர்களில் பாதிப்பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி, கதை.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தீபாவளி. அப்போது என்னிடம் 11 வாண்டாக்கள்தான் இருந்தன. வேர்கள் தரையைத் தொட்டு, ஒன்றோடொன்று பின்னி, பார்க்கச் சடை பிடித்தாற்போல இருந்தன. செடி விற்கும் ஒருவரிடம் யோசனை கேட்டேன். "மொட்டை அடித்துவிடுங்கள், புதிதாக அடர்த்தியாக வரும்" என்றார். முடியிறக்கிய குழந்தைக்கு முடி அடர்த்தியாக வரும் என்பது போன்ற வாக்கு. நானும் நம்பினேன். மனைவி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய தையல் மேசையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்துவந்து, 11 செடிகளின் வேர்களையும் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கித் தள்ளினேன். தரையில் விழுந்த வேர்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கூடை நிறைய வேகாத சேமியா. கொட்டகை பளிச்சென்று ஆகிவிட்டது. படம்கூட எடுத்து உறவினர்களுக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் இலைகள் வாடத் தொடங்கின. வாண்டா இலை தடித்தது. வெற்றிலை மாதிரி துவளாது. நீளவாக்கில் வரிவரியாகச் சுருங்கி, வயதானவர்களின் புறங்கையைப் போல ஆகிவிடும். மூன்றாம் வாரத்தில் கீழிலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நான் பயந்துபோய் ஒரு நாளைக்கு நான்கு முறை தண்ணீர் ஊற்றினேன். எதில் ஊற்றுவது? குடிக்க வாய் இருந்தால்தானே! வாயை வெட்டிக் குப்பையில் போட்டவன் நான்தான். 11இல் 4 செத்துப்போயின. மிச்சம் 7, மறுபடி பூக்க ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டன.

அதோடு முடியவில்லை. பிழைத்தவற்றில் ஒரு செடியின் இலையில் கோலம் கலைந்தாற்போல வெளுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் வந்தன. ஆர்க்கிட்டில் சிம்பிடியம் மொசைக் என்றொரு வைரஸ் இருக்கிறது. அது காற்றில் வருவதில்லை. ஒரு செடியின் சாறு பட்ட கத்தி அடுத்த செடியைத் தொடும்போது வரும். வந்தால் மருந்து கிடையாது. நான் 11 செடிகளுக்கும் ஒரே கத்தரிக்கோலைத் துடைக்காமல் பயன்படுத்தியிருந்தேன். அது வைரஸ்தானா என்று சோதித்துப் பார்க்க வசதியில்லை. சந்தேகத்திலேயே அந்தச் செடியை எரித்துவிட்டேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் ஒன்று இருந்தது. துணி வெட்டும் கத்தரிக்கோல் முனை மழுங்கிவிட்டது. தையல்காரியின் கத்தரிக்கோலைத் தொட்ட கணவன் கதி என்ன ஆகும் என்பதை எழுத இங்கே இடம் போதாது. அம்மா இடையில் புகுந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டுபோய் அரிசித் தொட்டிக்குள் ஒளித்து வைத்தாள். போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உன் கையில் உளியைக் கொடுத்திருந்தால் ஒரே நாளில் ஒரு நிரை மரத்தையும் சாகடித்திருப்பாய்."

அம்மாவுக்கு இப்போது 83 வயது. மெர்டேக்கா, அதாவது நாட்டு விடுதலை, கிடைத்த 1957இல், பதினைந்து வயதில், பால்வெட்டு உளியைப் பிடித்தவள். அதன் பிறகு 38 ஆண்டுகள் விடவில்லை. ரப்பர் மரத்தில் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஈரமான மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. உளி அதற்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட வேண்டும். முன்னதாகவே நின்றால் பால் குறையும். தாண்டினால் மரத்தில் புண் விழும். புண் விழுந்த இடத்தில் மறுபட்டை கட்டி கட்டியாக வளரும், அதில் பிறகு உளி ஓடாது. தண்டல், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர், வந்து விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே, ஒரு செடியை வெட்டுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆர்க்கிட்டைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பது வேறு விஷயம். "பாலும் இல்லை, பழமும் இல்லை, வாசமும் இல்லை. இதற்கு இத்தனை சேவகம்" என்பாள்.

வெட்டிப்போட்ட வேர்களில் சிலவற்றைக் குற்ற உணர்ச்சியோடு பள்ளிக்கு எடுத்துப்போனேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் சில மாதம் இருந்தது. சவர அலகால் மெல்லிய வில்லையாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நடுவில் கம்பி மாதிரி ஒரு தண்டு. அதைச் சுற்றிப் பச்சையம் உள்ள உயிர்த்தசை. அதற்கும் வெளியே தேன்கூடு போல, வெறும் சுவர்கள் மட்டும் நிற்கும் காலி அறைகள். இந்த வெளியடுக்குக்கு வெலாமென் என்று பெயர். அந்த அறைகள் உயிரற்றவை. செத்துப்போனவை என்பதாலேயே பயன்படுகின்றன, பஞ்சைப் போல. சிவப்பு மைத்துளி ஒன்றை ஓரத்தில் விட்டேன். நான் சொட்டுக்குழாயைக் கீழே வைப்பதற்குள் வெளியடுக்கு முழுதும் சிவந்துவிட்டது.

வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்: காலி அறைகளில் காற்று. தண்ணீர் பட்டதும் அறைகள் நிறைந்து கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். அந்தப் பச்சையால் வேர் வெயிலில் கொஞ்சம் உணவும் தயாரிக்கிறது. மண்ணுக்குள் போகும் வேருக்கு இந்த வேலை கிடையாது. நான் நறுக்கித் தள்ளியது செடியின் தண்ணீர்த் தொட்டியை, குழாயை, அடுப்பங்கரையில் ஒரு மூலையை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொங்கும் வேர் மண்ணைத் தேடித் தவிக்கிறது என்று நினைத்து அதைப் பிடித்துத் தொட்டிக்குள் புதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றில் வளர்ந்த வேர் காற்றுக்குப் பழகியது. ஈரமான தொட்டிக்குள் திணித்தால் மூச்சு முட்டி அழுகும். அதற்கு மண் வேண்டாம். இந்த இடத்தில் சில நண்பர்கள் கண் கலங்கி, தோட்டத்துத் தமிழன், வேர், பிறந்த மண் என்று கவிதை தொடங்கிவிடுவார்கள். வேண்டாம். இது வாண்டா. அதற்குத் தண்ணீர் மட்டும் போதும்.

புல்லுருவி என்று நினைப்பவர்களும் உண்டு. வாண்டா என்ற பெயரே சமஸ்கிருதத்திலிருந்து போனதுதான். மரத்தின்மேல் ஒட்டி வளர்வதைக் குறிக்கும் சொல். ஆனால் புல்லுருவி மரத்துக்குள் வேரை விட்டு உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தின் தோளில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. மழைநீரும், பட்டையில் வழிந்து வரும் தூசும், மக்கிய இலையும் அதற்குச் சாப்பாடு. நம் ஊர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் புறா ஆர்க்கிட் கொத்துக் கொத்தாக இருக்கும். மழை அடித்து வெப்பம் சட்டென்று இறங்கிய ஒன்பதாம் நாள் ஊர் முழுக்க ஒரே காலையில் வெள்ளையாகப் பூத்து, மாலையில் வாடிவிடும். அதன் வேரை யாரும் சீவிவிடுவதில்லை. மரமும் சாகவில்லை, செடியும் சாகவில்லை.

இந்தப் படிப்பெல்லாம் என்னை ஒரு வேடிக்கையான இடத்தில் கொண்டுபோய் விட்டது. எங்கள் ஊருக்குத் தெற்கே கிந்தா பள்ளத்தாக்கு. அங்கே சதுப்பு நிலங்களில் ஊசி போன்ற இலையுள்ள ஓர் ஆர்க்கிட் ஏராளமாக வளர்ந்ததால் அதற்குக் 'கிந்தா களை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்துப் புதர்களை வேரால் பற்றிக்கொண்டே ஏறும் செடி. சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்தில் உருவான கலப்புச் செடிக்கு அது ஒரு பெற்றோர். 1981இல் சிங்கப்பூர் தன் தேசிய மலராக அறிவித்த வாண்டா மிஸ் ஜோக்கிம் அதுதான். அந்தப் பூவை 1893இல் முதன்முதலாக உலகுக்கு விவரித்து எழுதியவர் ஹென்றி ரிட்லி, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர். இதே ரிட்லிதான் ரப்பர் மரத்தைக் கொல்லாமல், ஒரே வெட்டை மெல்ல மெல்லச் சீவித் திறந்து மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தவர். அவர் தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டப்பெயர்கூட உண்டு. 1956இல் நூறு வயதில் இறந்தார்.

என் வாண்டாவும் அம்மாவின் உளியும் ஒரே மனிதரிடம் போய்ச் சேர்கின்றன என்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடச் சொன்னதும் அந்தத் துரைதானா?" என்றாள்.

சரி, இப்போது வேலை.

முதல் வேலை கண்ணால் பார்ப்பது. எந்த வேர் உயிரோடிருக்கிறது, எது செத்தது என்று காய்ந்த நிலையில் சொல்ல முடியாது. இரண்டும் வெளுப்பாகத்தான் இருக்கும். தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் விடுங்கள். பச்சையானது உயிருள்ளது. பச்சையாகாமல் பழுப்பாகவோ சாம்பலாகவோ நிற்பதை இரு விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். வைக்கோல் போல உள்ளே காலியாக இருந்தாலோ, கொழகொழவென்று தோல் உரிந்தாலோ அதை மட்டும் எடுக்கலாம். எடுக்கும் கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் நடுவில் நெருப்பில் காட்ட வேண்டும். நான் இரண்டு சிறிய கத்தரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன், ஒன்று ஆறட்டும் என்று. இரண்டும் என் சொந்தக் காசில் வாங்கியவை. தையல் அறைக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தண்ணீர் ஊற்றுவது காலை ஏழு மணிக்கு. ஒரு சுற்று எல்லாச் செடிக்கும். முதல் செடிக்குத் திரும்பிவந்து மறுபடியும் ஒரு சுற்று. முதல் சுற்றில் மேற்பரப்பு நனையும், இரண்டாம் சுற்றில்தான் வேர் வயிறு நிரம்பக் குடிக்கும். வேர் முழு நீளத்துக்கும் பச்சையாகிவிட்டால் போதும்; அதற்கு மேல் ஊற்றுவது தரைக்குத்தான். பிப்ரவரி, மார்ச்சில் காய்ச்சல் வெயில் அடிக்கும்போது பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொரு முறை. இருட்டுவதற்குள் வேர் மறுபடி வெள்ளியாகிவிட வேண்டும். இரவெல்லாம் ஈரத்தில் நிற்கும் வேர் விடியும்போது சீக்காளி. கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள். செடிக்கு அது தேவையில்லை. ஏடிஸ் கொசுவுக்குத்தான் தேவை, சுகாதார அதிகாரி வந்தால் அபராதச் சீட்டு உங்களுக்கு.

உரம் வாரம் ஒரு முறை, 20-20-20, நான்கு லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி. டப்பாவில் போட்டிருப்பதைவிடக் குறைவு என்று தெரியும். காய்ந்த வேர் முதலில் தொடும் தண்ணீரைத்தான் பஞ்சு போல இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆகையால் காய்ந்த வேருக்கே உரத்தைக் கொடு என்று சொல்லும் ஆள்கள் உண்டு. அது தப்பில்லை. ஆனால் கை தாராளமானவர்களுக்கு அது ஆபத்து. உப்பு அதிகமானால் வேர் நுனி கருகிவிடும். நான் முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டுத்தான் உரம் கொடுக்கிறேன். என் கையை எனக்குத் தெரியும்.

நுனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளரும் வேரின் கடைசி அரை அங்குலம், ஒரு அங்குலம் வழவழப்பான பச்சையாகவோ ஊதா கலந்த சிவப்பாகவோ இருக்கும். அங்கே வெலாமென் இன்னும் மூடியிருக்காது. முளைக்கட்டிய பயறு போல, தொட்டால் முறியும். முறிந்தால் அந்த வேர் அத்தோடு நிற்கும்; செடிக்குத் தெம்பு இருந்தால் சில வாரம் கழித்துக் கொஞ்சம் பின்னாலிருந்து கிளைவிடும். வேரை வளைக்க வேண்டுமென்றால் நுனியை மறந்துவிட்டு நடுப்பகுதியைப் பிடியுங்கள். காய்ந்த வேரை வளைத்தால் அப்பளம் போல ஒடியும். கால் மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவிட்டால் நூல்கயிறு மாதிரி இசையும். அப்படி ஊறிய வேர்களைக் கூடையைச் சுற்றித் தளர்வாக இரண்டு சுற்றுச் சுற்றி, மெல்லிய துணிநாடாவால் கட்டிவிடுகிறேன். நாடா, மனைவி வெட்டிப்போட்ட ரவிக்கைத் துணியின் ஓரங்கள். பருத்தித் துணி ஈரம் பிடித்துக் கொண்டு அழுக விடுகிறது. நைலான், பாலியஸ்டர் ஓரங்கள் நல்லவை. ஆகவே என் வாண்டாக்கள் இப்போது ஜரிகை ஓரத்தோடு தொங்குகின்றன. என் செடிகளிலேயே நீளமான வேரை அவளுடைய அளவுநாடாவால் அளந்தேன்: 5 அடி 4 அங்குலம். நாடாவைத் திருப்பி வைத்துவிட்டேன்.

சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்ட வேர்தான் உண்மையான தலைவலி. பிய்த்து இழுத்தால் பஞ்சுத்தோல் முழுதும் குழாயோடு போய்விடும். நம் கையில் கம்பி மட்டும் மிஞ்சும். வெயிலில் இரும்புக் குழாய் சுடும்போது ஒட்டிய நுனி வெந்துவிடுகிறது என்பது இன்னொரு துன்பம். ஒட்டியதைப் பிரித்தே ஆக வேண்டுமானால், நன்றாக நனைத்து, தூண்டில் நரம்பை வேருக்கும் சுவருக்கும் நடுவில் நுழைத்து, பழைய பகுதியிலிருந்து மெல்ல அறுத்துக்கொண்டு வர வேண்டும். இது அம்மா சொன்ன வழி. பலகாரத் தட்டில் ஒட்டிக்கொண்ட மைசூர்பாகை நூலால் பிரிப்பது போல என்றாள். நான்கில் மூன்று வேர் பிழைக்கிறது.

அதைவிட நல்ல வழி, ஒட்ட விடாமல் முந்திக்கொள்வது. வேர் நுனி சுவரை நெருங்கும்போதே அதன் முன்னால் ஒரு மூங்கில் பட்டையையோ பெரணிக்கட்டைத் துண்டையோ கட்டித் தொங்கவிடுகிறேன். வேர் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு செடியை இடம் மாற்றும்போது மூங்கிலும் கூடவே வரும். எங்கேயாவது பிடிக்கத்தான் போகிறது. எதைப் பிடிக்கிறது என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். வாண்டாவுக்குக் கூடை என்பதே தூக்கிப்பிடிக்க ஒரு கைப்பிடிதான். என் கூடைகளில் இரண்டு துண்டுக் கரிக்கு மேல் எதுவும் இல்லை. கரி, கோலா செபெதாங் சதுப்புநிலக் காட்டுக் கட்டையில் சுட்டது. அங்கே போகிற மருமகன் மீனோடு சேர்த்து ஒரு மூட்டை வாங்கி வருவான்.

பெலனோப்சிஸ் என்ற ஆர்க்கிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமரன் மலையிலிருந்து ஆசையோடு வாங்கிவந்து, தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பார்த்துப் பதறாதீர்கள். அவற்றைத் தொட்டிக்குள் மடக்காதீர்கள். தொட்டி மாற்றும்போது, அடியில் புது வேர் மொட்டுவிடும் நேரமாகப் பார்த்து, செடியைக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள். புது வேர் தானாகவே உள்ளே போகும், அந்தச் சூழலுக்குப் பழகியே வளரும். பழையது வெளியிலேயே இருக்கட்டும். நம் ஊர் வெப்பத்தில் அது மறுபடி பூப்பது சந்தேகம். பூங்கதிர் விட அதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். அது வேரின் குற்றம் இல்லை.

வெட்டலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று. ஐந்தடி உயரம் வளர்ந்து, கீழே மூன்றடி இலையில்லாத மொட்டைத் தண்டாகிவிட்ட செடி. நான் மூன்று மாதம் அதைச் சுற்றிவந்துகொண்டிருந்தேன். வெட்டத் துணிவு வரவில்லை. ஒரு நாள் அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாற்றி, தண்டை அடியிலிருந்து மேல்வரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள். "இதற்கு மேலே நல்ல வேர் நான்கு இருக்கிறது. இதற்குக் கீழே வெட்டினால் மேலே இருப்பது பிழைக்கும். கீழே இருப்பதைத் தூக்கிப் போடாதே, அதுவும் பிழைக்கும்" என்றாள். புத்தகத்தில் போட்டிருப்பதும் அதுதான்: மேல் துண்டோடு குறைந்தது இரண்டு மூன்று உயிருள்ள வேர் போக வேண்டும். சூடுகாட்டிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டினேன். வெட்டுவாயில் பட்டைத் தூளைத் தடவினேன். குழம்புக்குப் போடும் பட்டைதான். புண்ணைக் காயவைத்துப் பூஞ்சையைத் தடுக்கும். ஆனால் அதை வேரின்மேல் தூவிவிடாதீர்கள், வேரையும் காயவைத்துவிடும். மேல் துண்டு ஒரு வாடலும் இல்லாமல் தொடர்ந்தது. அடித்தண்டு இரண்டு மாதம் செத்ததுபோலத் தொங்கிவிட்டு, பக்கவாட்டில் இரண்டு குட்டிகளை விட்டது. அம்மா அதைப் பார்த்து, "மறுபட்டை" என்றாள்.

அப்புறம் நத்தை. எங்கள் ஊர்ப்பெயரின் அர்த்தமே நத்தை ஆறு. மலாயில் சுங்கை ஆறு, சிப்புட் நத்தை. பெயரைக் காப்பாற்ற இங்குள்ள நத்தைகள் மிகவும் பாடுபடுகின்றன. இரவு மழைக்குப் பிறகு குழாயில் ஏறி, தரையை நெருங்கிய வேர் வழியாகவும் ஏறி, நேராக அந்தப் பச்சை நுனியைத் தேடிப்போய்த் தின்கின்றன. முற்றிய வேரைத் தொடாது. பாலாடை மட்டும் எடுத்துக்கொண்டு பாலை விட்டுப்போகும் பூனை மாதிரி. மருந்து வைக்கலாம், பக்கத்து வீட்டுக் கோழிகள் எங்கள் கொட்டகைக்கு வருவதால் நான் வைப்பதில்லை. இரவு பத்து மணிக்கு டார்ச் விளக்கோடு கையால் பொறுக்குவதுதான்.

இனி வழிப் பிரச்சினை. வேரை வெட்டாமல் வழியை விட வேண்டும் என்றால் செடி மேலே போக வேண்டும், அல்லது பக்கத்துக்குப் போக வேண்டும். குழாய்ச் சட்டத்தை இரண்டடி உயர்த்த இரும்பு ஒட்டுவேலைக்காரரைக் கூப்பிட்டேன். கூரையையும் கழற்றி மாட்ட வேண்டும் என்று 850 ரிங்கிட் கேட்டார். அந்தப் பணத்துக்குத் தையல் இயந்திரத்துக்கு மோட்டார் மாற்றலாம் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆகவே பக்கத்துக்கு. நடுவரிசையில் இருந்த 14 செடிகளை ஊறவைத்து, வேரைச் சுற்றிக் கட்டி, இரு ஓர வரிசைகளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு செடிக்கு மேல் முடியவில்லை. ஒன்பது முடிந்துவிட்டது. நடுவில் இப்போது கொண்டை போட்ட ஒருவர் போக இடம் இருக்கிறது. பூ வைத்த கொண்டை என்றால் இன்னும் ஐந்து செடி நகர வேண்டும்.

இந்தக் கொட்டகையில் எப்போதும் எதிலும் இடிக்காமல் நடமாடும் ஆள் அம்மாதான். 38 ஆண்டு குனிந்து வெட்டிய முதுகு நிமிரவே இல்லை. வேர்கள் எல்லாம் அவளுக்கு ஒரு முழம் மேலே நிற்கின்றன. இரவு நத்தை வேட்டையை அவளே எடுத்துக்கொண்டாள். டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொள்கிறாள். அந்தக் காலத்தில் இருட்டில் பால்வெட்டப் போகும்போது விளக்கு கட்டிய அதே இடத்தில். பிடித்ததைப் போட அவளுடைய பழைய பால்வாளி.

நேற்று இரவு நல்ல மழை. நான் கூரைச் சத்தத்தில் தூங்கிவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால், மூன்று வாரமாக மூங்கிலின் பக்கம் நான் திருப்பிக்கொண்டிருந்த வேரின் நுனியைக் காணோம். சுத்தமாகச் சீவி வைத்தாற்போல ஒரு குழி. அம்மா படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி, மேலே ஒரு மூடி, மூடியின்மேல் ஒரு செங்கல்.

"பதினேழு" என்றாள். "அதைத் தின்றது பதினெட்டாவது."